கன்னியப்பனுக்கு வந்த சக்களத்தன்

கன்னியப்பனுக்கு ஓர் எதிரி இருந்தான். வயசு இருநூற்றுப் பதினேழு. ப்ளஸ் டூ படிக்கிறான். நாலு சீசனாகப் படிக்கிறான், இன்னும் ஒரு பரீட்சை எழுதியதாகத் தெரியவில்லை.

பெயர் ரோவன். வெயிலில் நின்றால் அவனுக்கு நிழல் விழாது. அதனால் மரத்தடி மரத்தடியாகவே நடப்பான். 'நிழலூர் ஹைஸ்கூல்' என்று ஒரு வெளிநாட்டுத் தொடர், தமிழில் டப்பிங் செய்து விட்டிருந்தார்கள். அதில் வரும் பையன். செத்துப்போன பையன் என்றும் சொல்லலாம், சாகாத பையன் என்றும் சொல்லலாம். கன்னியப்பனைக் கேட்டால் உருப்படாத பையன் என்பார்.

எங்கோ வெளிநாட்டுப் பேய்ப்பையன் ஆம்பூர் கன்னியப்பனுக்கு அப்படி என்ன கெடுதல் செய்தான் என்று கேட்கிறீர்களா? பெண்டாட்டியைக் கொண்டுபோய்விட்டான். உடம்போடு இல்லை. உடம்பு வீட்டில்தான் இருந்தது, சோபாவில், கையில் ரிமோட்டோடு. பேச்சை மட்டும் கொண்டுபோய்விட்டான்.

கன்னியப்பன் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், செலெக்‌ஷன் மேஸ்திரி. பதம் போட்ட தோல் மேசைமேல் வந்து விழும். கட்டைவிரலால் ஒரு தடவு, மடித்து ஒரு பார்வை, வெளிச்சத்தில் ஒரு திருப்பு. இது முதல் தரம், இது மூணாவது தரம், இது கழிவு என்று பிரித்துப் போடவேண்டும். மேஸ்திரி ஆவதற்கு முன்னிருந்தே, இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அதனால் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் பெல்ட்டைத் தடவி அடி வாங்கப் பார்த்திருக்கிறார். குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்தில் வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது திருடன் என்று பிடித்தே வைத்துவிட்டார்கள். பெண்வீட்டார் வந்து மீட்டார்கள்.

மனைவி தீபலட்சுமி. கல்யாணமான புதிதில் சாயங்காலம் சங்கு ஊதி இவர் வீடு வந்து சேருவதற்குள் அவள் வாசலில் நிற்பாள். "இன்னிக்கு இன்னா தோல் வந்துச்சு?" என்பாள். இவர் சொல்வார். இந்த மாடு முள்வேலியில் உரசியிருக்கு, இந்த ஆடு மலையில் மேய்ஞ்சது, இது வண்டி இழுத்த எருமை, கழுத்தைப் பார்த்தாலே தெரியும். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். சோறு ஆறிப்போகும். மறுபடி சூடு பண்ணிப் போடுவாள். அதுவும் ஆறிப்போகும்.

அதெல்லாம் ஒரு காலம். பிறகு மகள் ரோஷினி பிறந்தாள், வளர்ந்தாள், வீடு முழுக்க அவள் சத்தம்தான். போன வருஷம் அவளைக் கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தார்கள். வந்து கதவைத் திறந்தால் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷமாக அந்த ஃபேனுக்குச் சத்தம் உண்டு என்பதே கன்னியப்பனுக்குத் தெரியாது.

தாயும் மகளும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தினம் ஏழு மணிக்கு அவள் ஹாஸ்டலில், இவள் ஆம்பூரில். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, ஒரே நொடியில் 'நிழலூர் ஹைஸ்கூலை' ஓடவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு. அதற்குமேல் பார்ப்பது துரோகம். பார்த்து முடித்ததும் ஆராய்ச்சி ஆரம்பிக்கும்.

"அம்மா, ஐவியோட லாக்கர் நம்பர் பாத்தியா? அவ ஆயா செத்த வருஷம்!"

"அத வுடு. பள்ளிக்கூட மணிக்கூண்டு எப்பப் பாத்தாலும் நாலு பத்துலயே நிக்குதே, அது ஏன்னு யோசிச்சியா?"

"வாசல்ல உப்பு கொட்டினா ரோவனால தாண்ட முடியல பாத்தியா?"

"பின்ன? நம்ம ஊர்ல உப்பு சுத்திப் போடறது இன்னாத்துக்குன்ற?"

ஐவி என்பது செத்தவர்கள் பேசுவது காதில் விழும் ஒரு பெண். ஐவிக்குச் செத்தவர்கள் குரலே கேட்கிறது, நம் பெண்டாட்டிக்கு உயிரோடு இருக்கிறவன் குரல் கேட்கவில்லையே என்று கன்னியப்பன் புழுங்கினார். பின்னாடி நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னிக்கு ஷாப்புல ஒரு விஷயம் நடந்துச்சு" என்பார். "ஷ்ஷ்" என்று ஆம்பூரிலிருந்து ஒன்று வரும். "ஷ்ஷ்" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒன்று வரும்.

அவருக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. பழையபடி ஒரு அரை மணி நேரம், அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எதிரே உட்கார வேண்டும். அவ்வளவுதான். ஐம்பதை நெருங்கும் மனுஷன் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பக்கத்து மேசை நசீர் அகமதுவிடம் சொன்னார். நசீர் பகல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தான்.

"தோஸ்த், பேய எதுத்து சண்டை போட்டா ஜெயிக்க முடியாது. பேயோட ஃபிரண்டாயிடு."

"அப்படீன்னா?"

"நீயும் அந்த சீரியலப் பாரு. அவங்களுக்குத் தெரியாததா நாலு விஷயம் புடிச்சு வெச்சிக்கோ. நைஸா எடுத்து வுடு. அப்புறம் பாரு, உன்னத் தவிர வேற ஆளோட பேசமாட்டாங்க."

அன்றே கன்னியப்பன் சபதம் எடுத்தார். ஒரு மாசத்தில் நிழலூரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த ஆளாகிவிடுவது. பகல் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனை டப்பாமேல் சாய்த்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டார். ரோவன் அழுதாலும் வேகமாக அழுதான். மூன்றே வாரத்தில் நாலு சீசனும் முடிந்தது. கண்ணெல்லாம் சிவந்து, ஷாப்பில் ரசாயனம் பட்டுவிட்டதோ என்று சூப்பர்வைசர் பயந்துபோனார்.

முதல் தாக்குதல் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. எபிசோடு முடிந்து, தாயும் மகளும் வழக்கம்போல மணிக்கூண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் தொண்டையைக் கனைத்தார். சாம்பாரைப் பிசைந்தபடி, ஏதோ போகிறபோக்கில் சொல்வது மாதிரி சொன்னார்.

"அந்தக் கடிகாரமா? அதான் கடைசியில ஐவி செத்ததும் ஓட ஆரம்பிச்சிடுமே!"

கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர்கள் மூன்றாவது சீசனில்தான் இருந்தார்கள்.

"அப்பா!" என்று ஃபோன் அலறியது.

தீபலட்சுமி அலறவில்லை. கரண்டியை வைத்தாள். எழுந்தாள். உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் பேச்சு கிடையாது. மூன்று நாளும் கொத்தவரங்காய். அதுவரை அரைகுறையாய்க் கிடைத்துக்கொண்டிருந்த "சாப்டீங்களா"வும் போயிற்று.

"யோவ் நசீரு, உன் பேச்சக் கேட்டு எனக்கு 'ஷ்ஷ்'கூட இல்லாமப் போச்சுய்யா."

"உன்ன யாரு க்ளைமாக்ஸப் போட்டு உடைக்கச் சொன்னாங்க? பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ." நசீர் தலையில் அடித்துக்கொண்டான். "சரி. நேர்ல உனக்கு வாய் வேலை செய்யாது. வேற ரூட்ல போ. பேரணாம்பட்டுல என் தங்கச்சி மஹ்பூபி இருக்கா இல்ல, அவளுக்கும் இதே பைத்தியம்தான். டெலிகிராம்ல ஒரு குரூப்பு வெச்சிருக்காங்க. 'நிழலூர் நிபுணர்கள்'. ஞாயித்துக்கிழமை நாலு பத்துக்கு வினாடி வினா, மொத ரெண்டு சீசன்லேர்ந்து மட்டும். நடத்தறது யாரு தெரியுமா?"

"யாரு?"

"உன் வீட்டம்மா!"

கன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஃபோனும் கையுமாக இருப்பது ஏதோ கோலப் படம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் அவர் நிபுணர் ஆனார். நம்பர் தெரியாமல் மறைத்து, பெயரை மாற்றி, எல்லாம் நசீர்தான் செய்துகொடுத்தான். பெயர் என்ன போடுவது என்று கேட்டபோது கன்னியப்பனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பாழாய்ப்போன மணிக்கூண்டுதான் ஞாபகம் வந்தது. 'நாலு பத்து' என்று போடச் சொன்னார்.

முதல் ஞாயிறு. மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்கார்ந்துகொண்டார். கீழே ஹாலில் தீபலட்சுமி. நடுவில் ஒரு தளம். கேள்விகள் சரமாரியாக வந்தன. ஐவியின் பூனைக்கு எந்தக் கடலின் பெயர்? எபிசோடு தலைப்புகளெல்லாம் எதைக் குறிக்கின்றன? ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர் ஜெயசீலன் என்று ஒருவர், கேள்வி முடியுமுன் பதிலைப் போட்டுக்கொண்டிருந்தார். தலைப்புகளெல்லாம் கல்லறையில் வைக்கிற பூக்களின் பெயராம். மனுஷன் ரயில் விடுகிறாரா பூ விற்கிறாரா என்று கன்னியப்பன் பல்லைக் கடித்தார்.

கடைசிக் கேள்வி வந்தது. 'ரோவன் அணியும் இருநூறு வருஷத்துப் பரம்பரை ஜாக்கெட், எந்தத் தோலால் ஆனது?'

ஜெயசீலன் உடனே போட்டார்: 'கன்றுக்குட்டித் தோல். முதல் சீசன், மூணாவது எபிசோடு, ரோவனின் தாத்தா ஆவியாக வந்து சொல்வார்.' எல்லோரும் கைதட்டும் பொம்மையைப் போட்டார்கள்.

கன்னியப்பனால் பொறுக்க முடியவில்லை. உலகத்தில் எதை வேண்டுமானாலும் பொறுப்பார். தோலைப் பற்றித் தப்பாகச் சொன்னால் பொறுக்கமாட்டார். ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார்.

'தாத்தா பொய் சொல்றார். அது கன்று இல்லை. முன்பக்கம் வெள்ளாட்டுத் தோல், மயிர்க்கால் வரிசை வரிசையா தெரியுது பாருங்க. கை ரெண்டும் தோலே இல்லை, ரெக்சின். ஒரே சுருக்கம் நாலு விரலுக்கு ஒருதடவை திரும்பத் திரும்ப வருது, அது அச்சு. இன்னொண்ணு. ஏழாவது எபிசோடுல ஜாக்கெட்டையே மாத்திட்டாங்க. முதல் ஜாக்கெட்டுல இடது தோள்ல ஒரு உண்ணி கடிச்ச தழும்பு இருக்கும். அது ரெண்டாவதுல இல்ல. தழும்பு இருக்கறதுதான் நல்லது. அந்த ஆடு ஒரு நாள் உயிரோட இருந்துச்சுன்றதுக்கு அதானே சாட்சி. தழும்பே இல்லாததுன்னா அது ரெக்சின்தான்.'

குரூப் பொங்கியது. ஆளாளுக்குப் பழைய எபிசோடை ஓட்டிப் பார்த்து, "தழும்பு இருக்குப்பா!" என்று கத்தினார்கள். ஜெயசீலன் தோல்வியை ஒப்புக்கொண்டு சல்யூட் அடித்தார். வினாடி வினா நடத்துகிற தீபலட்சுமி மட்டும் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரே வரி வந்தது: 'இந்த வாரம் வெற்றி நாலு பத்து அவர்களுக்கு.'

அஞ்சு நிமிஷம் கழித்துத் தனிச்செய்தி ஒன்று. 'சார், நீங்க நல்லா சொல்றீங்க. தோல் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்வீங்களா?'

தொட்டி மறைவில் உட்கார்ந்திருந்த கன்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருஷம் முன்னால் வாசலில் நின்று கேட்ட அதே கேள்வி.

அன்றிலிருந்து தினம் ஆறு மணிக்குக் கன்னியப்பனுக்கு மாடியில் காற்று வாங்கும் வியாதி வந்தது. கீழே அவள் காய் நறுக்குவாள், ஃபோன் மாவுப் பாத்திரத்தில் சாய்ந்திருக்கும். மேலே இவர் ஒற்றை விரலால் தட்டுவார். மலையாட்டுத் தோலும் வயலாட்டுத் தோலும் எப்படி வேறுபடும் என்று எழுதுவார். அவள் நிழலூரைப் பற்றி எழுதுவாள். எழுத எழுதத்தான் தெரிந்தது, அவளுக்கு இவ்வளவு இருக்கிறது என்று.

ஒரு நாள் எழுதினாள். 'ரெண்டாவது சீசன்ல நூலகத்துல ஒரு படம் மாட்டி இருக்கும் கவனிச்சீங்களா? அது அந்த ஊர்ப் பழைய கதை சார். ஒருத்தன் செத்துப்போன பொண்டாட்டியத் தேடி எமலோகத்துக்கே போறான். கூட்டிட்டுப் போ, ஆனா வாசல் தாண்டற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்றாங்க. கடைசிப் படியில திரும்பிப் பாத்துட்டான். அவ போய்ட்டா. நம்ம ஊர் கதையில பொண்டாட்டி போயி எமன்கிட்ட பேசிப் பேசியே புருஷன மீட்டுட்டு வந்துட்டா. அவங்க ஆம்பளைய அனுப்பினாங்க, சொதப்பிட்டான். நாம பொம்பளைய அனுப்பினோம், காரியம் முடிஞ்சுது.'

கன்னியப்பன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கீழேயிருந்து குரல் வந்தது.

"இன்னாங்க, தனியா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல, காக்கா!"

காக்கா என்ன செய்தால் சிரிப்பு வரும் என்று அவள் கேட்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

தைரியம் வளர்ந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டார். 'உங்க வீட்டுக்காரர் உங்ககூட இந்தத் தொடர் பாக்கமாட்டாரா?'

ரொம்ப நேரம் 'தட்டச்சு செய்கிறார்' என்றே காட்டியது.

'அவரு நல்ல மனுஷன் சார். குடி இல்ல, சண்டை இல்ல. ஆனா பேச்சு இல்ல. முன்னல்லாம் பேசுவாரு. மேஸ்திரி ஆனப்புறம் ஒருநாள் கேட்டேன், தலைவலி வுடுன்னாரு. மறுநாளும் கேட்டேன், அதையேதான் சொன்னாரு. நாலஞ்சு வருஷம் கேட்டுப் பாத்தேன். அப்புறம் வுட்டுட்டேன். பேசறதுக்குப் பொண்ணு இருந்தா. இப்ப அவளும் ஊருக்குப் போய்ட்டா. இந்தப் பேய்ப்பசங்கதான் துணை.'

கன்னியப்பன் அதை மூன்று தடவை படித்தார். பேச்சைக் கொண்டுபோனது இருநூற்றுப் பதினேழு வயசுப் பையன் இல்லையாம். தலைவலி என்று சொல்லிச் சொல்லி இவரேதான் விரட்டியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மாடியில் காயப்போட்டிருந்த அவளுடைய புடவை முகத்தில் வந்து மோதியது. அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

'அவர் என்ன செஞ்சா உங்களுக்குப் பிடிக்கும்?' என்று எழுதினார்.

'இன்னாத்த சொல்றது. பக்கத்துல உக்காந்து, இந்தக் கதை இன்னா, எனக்கும் சொல்லுன்னு ஒரு தடவ கேட்டா போதும்.'

அடுத்த நிமிஷம் கன்னியப்பன் படியில் இறங்கினார். இரண்டிரண்டு படியாக இறங்கினார். அடுப்படியில் போய் நின்றார்.

"தீபா, அந்தக் கதை இன்னா? எனக்கும் கொஞ்சம் சொல்லேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையில் முருங்கைக்காய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னா திடீர்னு? ஜுரம் கிரம் அடிக்குதா?"

"இல்ல, சும்மாதான்."

சொன்னாள். முதல் சீசன், முதல் எபிசோடிலிருந்து சொன்னாள். நாலு சீசனையும் கரைத்துக் குடித்த கன்னியப்பன், ஒன்றுமே தெரியாதவர்போல "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அதற்குமேல் அவருக்கு வரவில்லை. நேரில் அவள் கண்ணைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. மாடியில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர் கீழே "ஓஹோ", "அப்படியா", "சரிதான்" என்ற மூன்று வார்த்தைகளோடு குடித்தனம் நடத்தினார்.

இதில் வேறொரு வினை கிளம்பியது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது தீபலட்சுமி ஃபோனை எடுத்துப் பழைய செய்திகளைப் படிப்பாள். படித்துவிட்டுத் தானாகச் சிரித்துக்கொள்வாள்.

"யாரு அது?" என்றார் ஒரு நாள், தெரிந்துகொண்டே.

"குரூப்ல ஒருத்தரு. நாலு பத்துன்னு பேரு. இன்னா அறிவு தெரியுமா? தோலப் பத்தி அவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்காரு."

"நானும்தான் இருபத்திரண்டு வருஷமா தோல் பாக்கறேன்."

"நீங்க பாக்கறீங்க. அவரு சொல்றாரு."

கன்னியப்பனுக்குச் சுருக்கென்றது. ரோவன் போனான், நாலு பத்து வந்தான். பேய்ப்பையனாவது டிவிக்குள் இருந்தான். இவன் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறான். இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, இவர் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, இவர் பெண்டாட்டியைச் சிரிக்கவைக்கிறான். அவளைப் பாராட்டி இவர் எழுதிய வரிகளை இப்போது நினைத்தால் இவருக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஊரான் பெண்டாட்டியிடம் இப்படியா எழுதுவான் ஒருத்தன், வெட்கம்கெட்டவன்!

நசீரிடம் சொன்னார். நசீர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போனான்.

"அந்த ஆள மொதல்ல ஊரவுட்டு அனுப்பு தோஸ்த். ஜாஸ்தி நாள் வெச்சிருந்தா ஆபத்து."

எங்கே அனுப்புவது? இந்தப் பக்கத்துத் தோல்காரர்கள் பிழைக்கப் போகிற தூரதேசம் ஒன்று இருக்கவே இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் மாடியேறி, தொட்டி மறைவில் உட்கார்ந்து, கன்னியப்பன் தன் சக்களத்தனுக்கு வழியனுப்பு விழா நடத்தினார்.

'மேடம், ஒரு சேதி. எனக்கு எத்தியோப்பியாவுல ஒரு டேனரியில வேலை கிடைச்சிருக்கு. நாளைக்கே கிளம்பறேன். அங்க நெட் கிடைக்காது. இனிமே எழுத முடியாது. உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர்னு நினைக்கிறேன். அவர்கிட்டயே பேசுங்க. அவருக்கும் உங்களை விட்டா யாரும் இல்லை. வணக்கம்.'

அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டார். தொலைந்தான் பயல். இனி இந்த வீட்டில் ஆம்பளை என்றால் கன்னியப்பன் ஒருவன்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது, காற்று குளிர்ந்தது. ஃபோன் டிங் என்றது.

'ஏங்க, எத்தியோப்பியா போறதுக்கு முன்ன மாடியில காயற துணிய எடுத்துட்டுக் கீழ வாங்க. மழை வருது.'

கன்னியப்பன் ஃபோனைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். முதல் தூறல் மூக்கில் விழுந்தது. கைக்கு வந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு, புடவை காலில் சிக்க, படியிறங்கி வந்தார். ஹாலில் தீபலட்சுமி உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடவில்லை.

"எப்ப... எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே."

"எப்படி? இந்த ஊர்ல தோல் வேலை பாக்கறவன் எத்தினி பேரு!"

அவள் அவர் கையிலிருந்த துணியை வாங்கி மடிக்க ஆரம்பித்தாள்.

"கல்யாணம் ஆயி நாலாவது நாளு. என் முழங்கையில அம்மைத் தழும்பு இருக்கு இல்ல, அத மறைச்சு மறைச்சு வெச்சிக்குவேன். நீங்க புடிச்சு, கட்டைவெரலால தடவிப் பாத்தீங்க. வெளிச்சத்துல திருப்பி வேற பாத்தீங்க. அப்புறம் சொன்னீங்க, தழும்பு இருந்தாத்தான் உயிர் இருந்துச்சுன்னு அர்த்தம், தழும்பே இல்லாததுன்னா அது ரெக்சின்தான்னு. பொண்டாட்டிகிட்ட இப்படிப் பேசற ஆளு உலகத்துல ரெண்டு பேரா இருப்பாங்க?"

கன்னியப்பன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பொண்டாட்டியையும் செலெக்‌ஷன் பண்ணியிருக்கிறார். மறந்தே போயிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க." அவள் ஒரு துண்டை உதறி மடித்தாள். "பத்து பன்னண்டு வருஷம் கழிச்சு எம்புருஷன் பேசறாரு. மாடியிலேர்ந்து பேசினா இன்னா, எத்தியோப்பியாவுலேர்ந்து பேசினா இன்னா? நானும்தான் ஏங்கிப் போயிருந்தேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கன்னியப்பன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"இன்னிக்கு ஷாப்புல ஒரு எருமைத் தோல் வந்துச்சு," என்றார்.

தீபலட்சுமி மடித்த துணியைத் தள்ளி வைத்தாள். கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். "இன்னாவாம் அதுக்கு?"

அவர் சொன்னார். திக்கித் திக்கித்தான் சொன்னார். எருமையிலிருந்து சூப்பர்வைசருக்குத் தாவி, சூப்பர்வைசரிலிருந்து நசீருக்குத் தாவி, நடுவில் தொலைந்து, எங்கே விட்டோம் என்று அவளையே கேட்டு, மறுபடி எருமையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஏழு மணிக்கு ரோஷினி கூப்பிட்டாள். "இன்னிக்கு லேட்டாகும் கண்ணு, அப்பா பேசிட்டிருக்காரு," என்று தீபலட்சுமி ஃபோனை வைத்தாள். அந்தப் பக்கம் பெண் மயங்கி விழுந்திருப்பாள். முழுசாக ஒரு மணி நேரம் அவள் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கன்னியப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"அந்த நாலு பத்து இனிமே இன்னாத்துக்கு? அழிச்சிடவா?" என்றார்.

"இருக்கட்டும் வுடுங்க. பாவம், அவரு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறாரு," என்றபடி அவள் தோசைக்கல்லைப் போட உள்ளே போனாள்.

கன்னியப்பன் காலை நீட்டிச் சாய்ந்தார். வெற்றி! கடைசியில் வெற்றி! அடுப்படியில் தோசை ஊற்றும் சத்தம் கேட்டது. கையிலிருந்த ஃபோன் டிங் என்றது. நாலு பத்துக்குத் தனிச்செய்தி.

'சார், இன்னிக்கு எங்க வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் என்கூட உக்காந்து பேசினாரு. உங்க அளவுக்கு வரல. பழக்கம் விட்டுப்போச்சு, பாவம். நாளைக்கும் பேசச் சொல்லுங்க.'